ஜிஏ சொல்லாவிட்டால் குணா பேசமாட்டார்

நான் ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தபோது எங்கள் அலுவலகத்தின் மேசைத் தொலைபேசிகளையெல்லாம் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்கள். இனிமேல் எல்லோரும் எழுதியே பேசிக்கொள்ளலாம் என்பது மேலிடத்து முடிவு. பக்கத்து மேசை ஷாலினி சின்னப் பெண். என்மேல் இரக்கப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியில் சுருக்கமாக எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

“ஆன்ட்டி, முழுசா டைப் பண்ண வேணாம். டிகேஎஸ்னா தேங்க்ஸ். பிஎல்எஸ்னா பிளீஸ். இதெல்லாம் இப்ப வந்தது லா, போகப் போகப் பழகிடும்.”

நான் கைபேசியை எடுத்து அவளுக்கு ஒரே வரியில் மூன்று சுருக்கங்களை அனுப்பினேன்: எம்ஓஎம், ஜிஏ, பிஐபிஐ. அவள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “கெட்ட வார்த்தையா ஆன்ட்டி?” என்றாள்.

கெட்ட வார்த்தை இல்லை. ஷாலினியின் அம்மா தொடக்கப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் விரல் தேய அடித்த டெலெக்ஸ் மொழி அது. ‘கொஞ்சம் பொறுங்கள்’, ‘இனி நீங்கள் சொல்லலாம்’, ‘போய்வருகிறேன்’. இந்த மூன்றில் நடுவில் உள்ளதைச் சிங்கப்பூரின் தேக்கா சந்தையே ஒரு காலத்தில் பேசியது என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா வீடுகளில் துணி துவைத்தார். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் நான் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன். படித்து முடித்ததும் தொலைபேசி இணைப்பகப் பயிற்சி, அதன் பிறகு டெலெக்ஸ் பயிற்சி. இரண்டிலும் தேறினேன். என் ‘குட் மார்னிங்’கைக் கேட்பதற்காகவே அப்பா காப்பிக்கடையிலிருந்து பத்துக் காசு போட்டு என் அலுவலகத்துக்கு அழைப்பார். நான் சொன்னதும் வைத்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், “இன்னைக்கு நல்லா சொன்னே பிலோமினா” என்பார். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்குத் தலைக்கனம் வராமல் எப்படி இருக்கும்? எனக்கு நிறையவே வந்தது.

எழுபதுகளின் பிற்பாதியில் நான் வேலைக்குச் சேர்ந்தது கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனி. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், கடைவீட்டு மாடியில், மரத்தரையில் எங்கள் அலுவலகம். நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும் கப்பலுக்கு உருளைக்கிழங்கு வேண்டும், ஆட்டிறைச்சி வேண்டும், சோப்பு வேண்டும் என்று அதன் ஏஜென்டுகள் டெலெக்ஸ் அடிப்பார்கள். நாங்கள் தேக்கா வியாபாரிகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, சாமான் சேர்த்து, படகில் ஏற்றி அனுப்புவோம். கப்பல் யாருக்காகவும் நிற்காது. வெங்காயம் தாமதமானால் அது கரையில்தான் நிற்கும்.

டெலெக்ஸ் என்பது தட்டச்சு இயந்திரமும் தொலைபேசியும் சேர்ந்த ஒரு இரும்புப் பிராணி. இங்கே அடித்தால் இலண்டனில் அச்சாகும். லைனில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் ‘லோக்கல்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் இயந்திரம் வெளியே எங்கும் போகாமல் தனக்குத்தானே அடித்துக்கொள்ளும். செய்தியை முதலில் லோக்கலில் அடித்து நாடாவில் துளையிட்டுக்கொண்டு, அப்புறம் லைனைப் பிடித்து நாடாவை ஓடவிட வேண்டும். விரல் யோசிக்கிற நேரத்துக்கெல்லாம் காசு கொடுக்கக்கூடாது என்பது எங்கள் மேலாளர் தம்பிராஜா சார் போட்ட விதி.

சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாயாவில் பிறந்தவர், வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம். அவருடைய கடிதத்தில் ஒரு வாக்கியம் தொடங்கினால் அது முடிவதற்குள் நாம் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். ‘தாங்கள் தயைகூர்ந்து அன்புடன் இசைவீர்களாயின்’ என்கிற மாதிரிதான் பேசும்போதும் ஆங்கிலம் வரும். அப்படிப்பட்டவருக்கு டெலெக்ஸ் ஒரு தண்டனை. செய்தியை முதலில் ஊற்றுப்பேனாவால் அழகாக, முழுதாக எழுதுவார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வெட்டுவார். ‘தயைகூர்ந்து’ போகும். ‘அன்புடன்’ போகும். கடைசியில் ‘உருளை இல்லை, அரிசி அனுப்புகிறோம்’ என்று எலும்பு மட்டும் நிற்கும். அதை என்னிடம் நீட்டும்போது, சொந்தக் கோழியை அறுத்துக் கொடுத்தவர் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவருடைய இன்னொரு விதி ஐந்து கேள்விகள். தொலைபேசியில் யார் ஆர்டர் கொடுத்தாலும், கப்பலின் பெயர், ஏஜென்ட், நங்கூரம் போட்டிருக்கும் இடம், வந்து சேரும் நாள், பணம் கட்டுவது யார் என்று கேட்க வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் ஆர்டர் இல்லை. “கப்பல் கப்டன் என்ன, ராணியே எடுத்தாலும் கேக்க வேணும், விளங்குதோ?” என்பார்.

அங்கேதான் குணசேகரன் வந்தார். ஐந்து வயதில் காய்ச்சல் வந்து காது போனவர். காது கேளாதோர் பள்ளியில் ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றார், தட்டச்சில் புயல். படித்து முடித்ததும், காது கேளாதவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள்: பிரம்பு நாற்காலி பின்னும் பட்டறை. மூன்று வருடம் பின்னினார். அவருடைய ஆசிரியை எங்கள் முதலாளியைத் தேடி வந்து பேசி, டெலெக்ஸ் வேலைக்கு ஆறு மாதச் சோதனையில் சேர்த்துவிட்டார். முதலாளி நல்ல மனசோடு சரி என்று சொல்லிவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர் தம்பிராஜா சார்.

“பிள்ளை, டெலெக்ஸ் அடிக்கட்டும், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை” என்றார் என்னிடம். “ஆனா இது கப்பல் யாவாரம். டெலிபோன் எடுக்க ஏலாத கிளார்க் எனக்கு அரைக் கிளார்க். ஆறு மாசத்திலை அவர் டெலிபோன் எடுக்க வேணும். இல்லாட்டி திரும்பப் பிரம்புக்குப் போக வேண்டியதுதான்.”

காது கேளாதவர் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று இவர் கேட்டது எனக்கு அப்போதே சிரிப்பாக இருந்தது. ஆனால் குணாவுக்குச் சிரிப்பாக இல்லை. பிரம்பு பின்னி வெடித்த விரல்களை அவர் மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வார்.

முதல் வாரமே சாருக்கு ஒரு சந்தேகம். டெலெக்ஸ் வரும்போது மணி அடிக்கும். மணி அடிப்பதற்கு முன்பே குணா திரும்பிவிடுவார். காது கேட்கிறது, நடிக்கிறார் என்று சார் முடிவு கட்டி, குணாவின் பின்னால் போய் நின்று ஒருநாள் கையைத் தட்டினார். ஒருநாள் இருமினார். ஒருநாள் ஒரு தகர டப்பாவைக் கீழே போட்டார். அதற்கு மட்டும் குணா திரும்பினார். சார் என்னை வெற்றியோடு பார்த்தார். குணா ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார்: செய்தி வந்தால் இயந்திரத்தின் மோட்டார் ஓடும், மரத்தரை அதிரும், தன் கால் தரைக் கட்டையில் இருக்கிறது, டப்பாவும் தரையில்தான் விழுந்தது. கூடவே, இருமலுக்கு மருந்து சாப்பிடலாம் என்றும் எழுதியிருந்தார். இருமலை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். கழுத்தில் காற்றுப் பட்டதாம்.

ஆரம்பத்தில் நாங்கள் துண்டுத்தாளில்தான் பேசிக்கொண்டோம். ஒருநாள் குணா சலித்துப்போய் டெலெக்ஸில் லோக்கல் பொத்தானை அழுத்தி, ‘மேலாளர் ஏன் கத்துகிறார்?’ என்று அடித்து, கடைசியில் டெலெக்ஸ்காரர்களின் வழக்கப்படி ஜிஏ போட்டார். டெலெக்ஸில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்தால் எல்லாம் குழம்பும். அதனால் ஒருவர் முடித்ததும் ஜிஏ போட்டால்தான் மற்றவர் தொடங்குவார். நான் பதில் அடித்து ஜிஏ போட்டேன். அதன் பிறகு துண்டுத்தாள் தேவைப்படவில்லை.

அதே வாரம் ஒரு கப்பல் வெங்காயத்தை இரட்டிப்பாகக் கேட்டது. தேக்காவில் எங்கள் வெங்காய வியாபாரி பக்கிரிசாமி அண்ணனிடம் பேச வேண்டும். ஆர்டர் குணாவின் கையில், தொலைபேசி என் கையில். என் இருக்கை டெலெக்ஸுக்குப் பக்கத்தில். தலையில் ஹெட்செட் மாட்டியிருந்ததால் கைகள் இரண்டும் காலி. அண்ணன் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் லோக்கலில் அடித்தேன். குணா அங்கேயே படித்து, என் முழங்கையைத் தள்ளிவிட்டு அவர் பதிலை அடித்தார். அதை நான் தமிழில் அண்ணனிடம் சொன்னேன். குணா ஒரு நிபந்தனை போட்டார். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். பேசுவது அவர்.

“வணக்கம் அண்ணே, நான் குணா பேசுறேன்” என்றேன்.

“யாரு தங்கச்சி, பிலோமினாவா? குணாவைக் கூப்பிடு.”

“நான்தான் குணா.”

“என்னலா இது, காலங்காத்தால. போனை ஒரு ஆம்பளைக்கிட்ட குடு.”

“நான் ஆம்பளைதான் அண்ணே.”

அண்ணன் போனை வைத்துவிட்டார். அடுத்த அழைப்பில் முதலில் என் குரலிலேயே விளக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அண்ணன் கொஞ்சம் யோசித்து, சாமி வந்து ஆடுறவங்க மாதிரிதானே என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். கிறிஸ்தவப் பெண் நான், அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

இயந்திரம் காலையிலிருந்து மாலை வரை தடதடவென்று ஓடுவதைக் கேட்டுச் சார் அறையிலிருந்து ஓடி வந்தார். “உந்த மிசின் ஏன் விடியத் தொடக்கம் ஓடுது? லண்டனோடையோ கதைக்கிறியள்?” நான் லோக்கல் விளக்கைக் காட்டினேன். காசில்லை சார் என்றேன். அவர் நம்பவில்லை. மாதக் கடைசியில் பில் வந்து, அது கூடவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். ஆனாலும் தாண்டிப் போகும்போதெல்லாம் இயந்திரத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

எனக்கும் குணாவுக்கும் சண்டை வந்தது அழுகின வெங்காயத்தால். ‘உன் வெங்காயம் அழுகல், திருப்பி எடுத்துக்கொள், இனி இப்படி அனுப்பினால் வேறு ஆளைப் பார்ப்பேன்’ என்று குணா அடித்தார். டெலெக்ஸில் எல்லாமே பெரிய எழுத்து, மெல்லப் பேசவே வழியில்லை. நான் படித்த பெண். கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த நாகரிகத்தோடு, “அண்ணே, இந்தத் தடவை வெங்காயம் இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்கலாம்னு கப்பல்ல நினைக்கிறாங்க” என்றேன். அண்ணன் நெகிழ்ந்து போய், சொன்னதற்கு நன்றி, தம்பி சௌக்கியமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். அதை அப்படியே அடித்தேன். குணா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார்: திட்டு வாங்கினவன் வீட்டு நலம் விசாரிக்கிறானா? நீ என்ன சொன்னாய்? ஜிஏ.

சொன்னேன். அவர் வேகமாக அடித்தார். தான் கோபப்பட்டால் கோபம்தான் போக வேண்டும். முட்டாள்தனமாகப் பேசினால் அந்த முட்டாள்தனம் தன்னுடையது. அதை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுக்க நான் யார்? அந்தப் பக்கத்திலிருந்து வருவதும் அப்படியே வர வேண்டும். திட்டினால் திட்டு, பின்னால் சேவல் கூவினால் சேவல். காது கேட்கிற கிளார்க்குக்குத் தொலைபேசியில் என்னவெல்லாம் கிடைக்குமோ அது அத்தனையும் தனக்கும் வேண்டும்.

என் நாகரிகத்தைக் குறை சொன்னாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சரி, வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளட்டும் என்று, அழுகின வெங்காயத்தை அழுகின வெங்காயமாகவே அண்ணனிடம் திரும்பச் சொன்னேன். அண்ணன் வெடித்தார். அவர் சொன்னதில் அச்சிடக்கூடியது ‘நாயே’ மட்டும். அதை அடித்தேன். மற்றதையும் அடித்தேன். கன்னியாஸ்திரீகள் சொல்லித்தராத சொற்களுக்கு எழுத்துக்கூட்டு யோசித்து யோசித்து அடித்தேன்.

குணா படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அடித்ததை இன்றும் மறக்கவில்லை: ‘இதுவரை எல்லோரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாயே என்று ஒருவரும் சொன்னதில்லை. அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லு. பிறகு வெங்காயத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லு. ஜிஏ.’

இரண்டையும் சொன்னேன். அண்ணன் வெங்காயத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள். தினமும் சண்டை போட்டார்கள்.

பேசி முடித்ததும் ஜிஏ சொல்ல வேண்டும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மனிதர்கள் மூச்சு வாங்க நிறுத்துவதும் பேசி முடித்து நிறுத்துவதும் தொலைபேசியில் ஒன்றாகத்தான் கேட்கும். நானாக ஊகித்து ஜிஏ போடக்கூடாது என்பது குணாவின் கட்டளை. ஜிஏ வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் வியாபாரிகள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. மீன்காரர் சொன்னார், இறைச்சிக்கடை பாய் சொன்னார். ஒருநாள் நான் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கிரிசாமி அண்ணன் தன் மனைவியிடம் தொலைபேசியில் நீளமாக ஏதோ நியாயம் பேசிவிட்டு, “அவ்வளவுதான். ஜிஏ” என்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இதனால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறதாம், அண்ணனே சொன்னார்.

இதெல்லாம் சாருக்குத் தெரியாது. அவர் சந்தைக்குப் போகமாட்டார்.

ஆறாவது மாதம் முடிய வந்தது. குணா தொலைபேசியில் எத்தனை ஆர்டர் முடித்திருக்கிறார் என்று சாரிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. “உங்கடை தேக்கா ஆக்கள் பழகின ஆக்கள், பிள்ளை. புது ஆள் ஒருத்தர் டெலிபோன் எடுத்துக் கதைச்சா என்ன செய்வியள்? டெலிபோன் கோல் எப்ப வருமெண்டு சொல்லிப்போட்டோ வரும்? பாப்பம்.” அந்தப் ‘பாப்பம்’ எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளி பினாங்கிலிருந்து திரும்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். குணா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சார் குடையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதாகச் சொல்லிப் படி இறங்கினார். வங்கிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம் திரும்பியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அழைப்பு. பொதுத் தொலைபேசியில் காசு விழும் சத்தம், இறைச்சி வெட்டும் சத்தம், யாரோ கொத்தமல்லி விலை கூவும் சத்தம். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கனத்த குரல், வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. தான் ஒரு கப்பலின் அதிகாரி என்றும், கொள்முதல் பார்க்கும் குமாஸ்தாவுடன் பேச வேண்டும் என்றும் சொன்னது. புதியவர்களுக்குச் சொல்வது போலவே எங்கள் முறையைச் சொன்னேன். பேசி முடித்ததும் ஜிஏ என்று சொல்லுங்கள் ஐயா.

குரல் தொடங்கியது. தாங்கள் தயைகூர்ந்து அன்புடன் இசைவீர்களாயின் நூறு கிலோ வெங்காயம்...

என் விரல்கள் விசைகளின்மேல் நின்றுவிட்டன. சிங்கப்பூரில் அப்படி வெங்காயம் கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். வார்த்தைகளை மட்டும் அடித்தால் போதுமா? யார் என்பதையும் அடித்தால் பரீட்சையில் விடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? வேலை போனால் அவருக்குத்தான் போகும், எனக்கு இல்லை. ஆனால் காது கேட்கிற எந்தக் கிளார்க்காக இருந்தாலும் ‘தயைகூர்ந்து’ என்ற சொல்லிலேயே எழுந்து நின்றிருப்பான். காதுக்குக் கிடைப்பது அத்தனையும் வேண்டும் என்று குணா கேட்டது இதற்காகத்தானே? அடித்தேன்: ‘குரல் தம்பிராஜா சார் மாதிரி இருக்கிறது. வாயில் துணி. தேக்காவிலிருந்து.’

குணா படித்தார். என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார். ஜிஏ வரவில்லை.

சார் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். “ஹலோ?” என்றார். “ஹலோ, ஹலோ?” ஜிஏ என்று சொல்ல அவருடைய ஆங்கிலம் இடங்கொடுக்கவில்லை. வெட்டி வெட்டி எலும்பாக்கிய சொல்லை எழுத்துக்குக் காசில்லாத இடத்திலும் சொல்ல வேண்டுமா?

அப்போது அவருக்குப் பின்னால் பக்கிரிசாமி அண்ணனின் குரல். “யாரு, தம்பிராஜா சாரா? எதுக்கு சார் வாயில கைக்குட்டை? பல் வலியா?”

அடித்தேன்.

“குணாவுக்கா போன் போடுறீங்க? ஜிஏ சொல்லுங்க சார். சொல்லாட்டி அந்தப் பையன் பேச மாட்டான்.”

அடித்தேன். பக்கத்திலிருந்து இறைச்சிக்கடை பாயும், “ஆமா சார், ஜிஏ சொன்னாத்தான்” என்றார். அதையும் அடித்தேன். கொத்தமல்லிக்காரர் எந்த நம்பருக்குப் போன் என்று விசாரித்தார். எதையும் விடவில்லை. பிறகு, கைக்குட்டை இல்லாத தெளிவான குரலில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, சார் சொன்னார்: “ஜி. ஏ.”

உடனே இணைப்பு அறுந்தது. பத்துக் காசுக்கு மூன்று நிமிடம். அது முடிந்துவிட்டது.

இரண்டாவது அழைப்புக்கான காசைப் போட்டவர் பக்கிரிசாமி அண்ணன் என்று பிற்பாடு தெரிந்தது. இந்தத் தடவை சார் நேராக விஷயத்துக்கு வந்து, நூறு கிலோ வெங்காயம் என்று சொல்லி, உடனே ஜிஏ போட்டார். குணா என் முழங்கையைத் தள்ளிவிட்டு அடித்தார். அவர் ஒரு புன்னகைகூடக் காட்டவில்லை. நான் அவராகவே சொன்னேன்: “வணக்கம் ஐயா, நான் குணசேகரன். கப்பலின் பெயர் என்ன? ஜிஏ.”

ஐந்து கேள்விகளையும் போட்டவர் ஒன்றுக்கும் பதில் கொண்டுவரவில்லை.

“கப்பல் பேரு கேக்குறான் சார்” என்றார் அண்ணன், உதவியாக.

“எஸ்.எஸ். மீனாட்சி” என்றார் சார். அந்தத் தொலைபேசிக்கு எதிரே மீனாட்சி தையல்கடை என்று ஒரு பலகை இருந்தது. எனக்குத் தெரியும், என் ஜாக்கெட் அங்கேதான் தைத்தது. ஆனால் அந்தப் பலகை என் காதில் விழுந்தது இல்லையே, அதனால் அடிக்கவில்லை.

குணா அன்றைய செய்தித்தாளை எடுத்து, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பட்டியலில் விரலை ஓட்டினார். பிறகு அடித்தார். அதை என் மேலாளரின் காதிலேயே, என் மிகச் சிறந்த ‘குட் மார்னிங்’ குரலில் நான் சொன்னேன்: அப்படி ஒரு கப்பல் துறைமுகத்தில் இல்லை. முழு விவரம் இல்லாமல் ஆர்டர் எடுப்பதில்லை, இது எங்கள் மேலாளரின் விதி, அவர் மிகவும் கண்டிப்பானவர். விவரங்களோடு மறுபடி அழையுங்கள். வணக்கம்.

பத்து நிமிடத்தில் படியில் குடை தட்டும் சத்தம் கேட்டது. குணாவுக்குத் தரையில் தெரிந்திருக்கும். அவர் கால் கட்டையில்தான் இருந்தது. சார் கையில் ஒரு பை வெங்காயம். கடை வாசலில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் வர அண்ணன் விடுவாரா? பையை டெலெக்ஸ் மேசைமேல் வைத்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இயந்திரத்தை அவர் தன் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

“பிள்ளை, இதிலை அடிச்சா காசில்லை எண்டு சொன்னனீ, என்ன?”

“லோக்கல்ல இருந்தா இல்லை சார்.”

லோக்கல் விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஒரே விரலால் அடிக்கத் தொடங்கினார். தம்பிராஜா ஆகிய நான், தங்களுக்கு மிகுந்த மரியாதையுடனும் தனிப்பட்ட மகிழ்ச்சியுடனும் தெரிவித்துக்கொள்ள விழைவது யாதெனில்... தாள் நகர்ந்தது. ஆறு மாதமாக, ஆறு மாதம் என்ன, டெலெக்ஸ் வந்த நாளிலிருந்து வெட்டி எறிந்த சொற்கள் எல்லாம் திரும்பி வந்தன. தயைகூர்ந்து வந்தது. அன்புடன் வந்தது. இடையில் ஒரு நிஜக் கப்பலின் அழைப்பு வந்தது, நான் மெல்லப் பேசி முடித்தேன். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பிறகு வாக்கியம் முடிந்தது. அதன் பொருள், இன்றிலிருந்து குணசேகரனின் வேலை நிரந்தரம், பிரம்புப் பட்டறைக்கு அவர் இனிப் போக வேண்டியதில்லை என்பது. சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யோசித்து, ஜிஏ அடித்தார்.

குணா முழுவதையும் படித்தார். முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். கையை நீட்டி ஒரே சொல் அடித்தார். டிகேஎஸ்.

சாரின் முகம் வாடிவிட்டது. “உவ்வளவுதானோ?”

“நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் காசுன்னு” என்றேன்.

“இதிலை காசில்லை எண்டு சொல்லு பிள்ளை. ஆறுதலா, எவ்வளவு நேரமெண்டாலும் எடுத்து அடிக்கட்டும். நான் இருக்கிறன்.”

அடித்தேன். குணா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளின் வெடித்த விரல்களும் விசைகளின்மேல் வந்தன. தாள் சுருளிலிருந்து இறங்கி, மேசையைத் தாண்டி, தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, வருகிற வரியை வருகிறபடியே படித்தார். முதல் வரி இதுதான்: ‘ஐயா, மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் வெங்காயம் அழுகல். அண்ணனுக்கு இப்போதே போன் போடுவோம், நான் பேசுகிறேன்.’